இயக்கத்தில இருந்தவர் எண்டா அகதி அந்தஸ்து கிடையாதா? ஒரு அக்காவின்ர கடிதத்துக்கு வழக்கறிஞர் பதில்

மேற்கு லண்டனில இருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒண்டு எழுதியிருக்கிறா. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு சுருக்கமா சொல்லுறன். அவவின்ர தம்பியை 2007ல, 17 வயசில, வன்னியில வீட்டுக்கு ஒரு ஆள் எண்டு பிடிச்ச நேரம் இயக்கம் (விடுதலைப் புலிகள்) கொண்டுபோயிருக்கு. கொஞ்சநாள் பயிற்சி, பிறகு வாகனம் ஓடத் தெரியும் எண்டதால புலனாய்வுத்துறையின்ர பிக்கப் ஒண்டை ஓட விட்டிருக்கினம். 2009 மே மாசம் முள்ளிவாய்க்கால்ல இருந்து வெளியில வந்து சரணடைஞ்சு, புனர்வாழ்வு முகாமில 2 வருசம் இருந்து, விட்ட பிறகும் சிஐடி திரும்பத் திரும்ப கூப்பிட்டு, கடைசியா ஒருக்கா வெள்ளை வானில ஏத்திக்கொண்டுபோய் முதுகில சூடு போட்டிருக்கினம். 2022ல இஞ்ச வந்து அசைலம் கேட்டார், இன்டர்வியூவில ஒண்டையும் ஒளிக்காம சொன்னார். போன கிழமை ஹோம் ஒபிஸின்ர (பிரித்தானிய உள்துறை அமைச்சு) முடிவு வந்திருக்கு: போர்க்குற்றங்களுக்கு இவர் உடந்தையா இருந்தார் எண்டு கருத வலுவான காரணம் இருக்கு, அதால அகதி ஒப்பந்தத்தின்ர 1எஃப் பிரிவில (பாரதூரமான குற்றம் செய்தவைக்கு அகதிப் பாதுகாப்பை மறுக்கிற பிரிவு) இவரை விலக்குறம், அதோட இலங்கையில இவரை இப்ப ஒருத்தரும் தேடேல்லை, திரும்பிப் போகலாம்.

சகோதரி கேக்கிற கேள்விகள்: தடைசெய்யப்பட்ட இயக்கத்தில இருந்தவருக்கு இந்த நாட்டில இனி இடமே இல்லையா? நாளைக்கே பிடிச்சு ஏத்திப்போடுவினமா? சொந்தக்காரர் ஒருவர் "நான் இயக்கத்திலயே இருக்கேல்லை, பயத்தில அப்பிடிச் சொல்லிட்டன் எண்டு புது ஸ்டேட்மென்ட் குடு" எண்டு சொல்லுறார், குடுக்கலாமா? தம்பி இயக்கத்தில இருக்கேல்லை எண்டு நானே ஒரு கடிதம் எழுதிக் குடுக்கட்டா? மாவீரர் நாள் படங்களை பேஸ்புக்கில இருந்து எடுக்கட்டா? என்ர சிட்டிசன்ஷிப்புக்கு ஏதும் வருமா? கடைசியா கோவத்தோட ஒரு வரி: "உண்மையான தீவிரவாதிகள் எல்லாம் மனித உரிமை எண்டு சொல்லிக்கொண்டு இஞ்ச இருக்கிறாங்கள், பலவந்தமா பிடிச்சுக்கொண்டு போன என்ர தம்பிக்கு மட்டும் நாட்டின்ர பாதுகாப்பு எண்டு சட்டம் கதைக்கினம்."

அன்புள்ள சகோதரி,

உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். கோவம் நியாயமானதுதான், ஆனா கோவத்தில எழுதின அந்தக் கடைசி வரியில ஒரு பெரிய பிழை இருக்கு, அந்தப் பிழை உங்கட தம்பியின்ர கேஸையே கெடுக்கக்கூடியது, அதை கீழ விபரமா சொல்லுறன். அதுக்கு முதல் அவசரமானதைப் பாப்பம்.

முதல்ல 14 நாள்

முடிவு அனுப்பின நாளில இருந்து 14 நாளுக்குள்ள முதல் நிலை ட்ரிபியூனலுக்கு (இந்த அப்பீல்களைக் கேக்கிற நீதிமன்றம்) அப்பீல் போட வேணும். நீங்கள் கடிதம் எழுதினதே ஒரு கிழமை கழிச்சு எண்டபடியா இதில ஒரு நாளும் வீணாக்காதேங்கோ. அப்பீல் நடக்கிற காலத்தில பொதுவா ஆளை அனுப்ப ஏலாது, அதால நாளைக்கே ஏத்திப்போடுவினம் எண்ட பயம் வேண்டாம். அசைலம் அப்பீலுக்கு லீகல் எய்ட் இருக்கு, தம்பிக்கு வருமானம் இல்லை எண்டா அவர் தகுதியானவரா இருக்கத்தான் வாய்ப்பு. ஆனா ஒண்டு, 1எஃப் வழக்கு சாதாரண அசைலம் வழக்கு இல்லை. "இந்த மாதிரி வழக்கு முந்தி செய்திருக்கிறீங்களா" எண்டு நேரடியாக் கேட்டு, செய்தவரிட்ட மட்டும் குடுங்கோ. படிவம் நிரப்பித் தாறன் எண்டு கடையில இருந்து காசு வாங்கிறவையிட்ட இதைக் கொண்டுபோகாதேங்கோ, தயவுசெய்து.

இயக்கத்தில இருந்தது மட்டும் காணாது

எங்கட ஆக்களில கனபேர் நினைக்கிறது இதுதான்: பிரித்தானியா 2001ல புலிகளைத் தடை செய்தது, தடை இண்டைக்கும் இருக்கு, ஆகவே அதில இருந்தவர் எண்டு ஒத்துக்கொண்டா கதை முடிஞ்சுது. அப்பிடி இல்லை. இதைத் தீர்மானிச்ச வழக்கே ஒரு ஈழத்தமிழரின்ர வழக்குத்தான். 2010 மார்ச் மாசம் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, ஜேஎஸ் எண்ட முதலெழுத்தில மட்டும் தெரியிற ஒருவரின்ரது. அவர் 10 வயசில இயக்கத்தில சேர்ந்தவர், வளர்ந்து புலனாய்வுத்துறையின்ர சண்டைப் பிரிவில இரண்டாம் நிலைப் பொறுப்பு வரைக்கும் போனவர், பிறகு 2006ல கொழும்புக்கு அனுப்பப்பட்டு, தன்னைக் கண்டுபிடிச்சிட்டினம் எண்டு தெரிஞ்சதும் தப்பி 2007ல இஞ்ச வந்தவர். உங்கட தம்பியோட ஒப்பிட்டா எவ்வளவோ மேல இருந்த ஆள். அவரையே உறுப்பினர் எண்ட ஒரே காரணத்தால விலக்க ஏலாது எண்டு நீதிமன்றம் சொல்லிச்சுது.

அந்த நீதிமன்றம் வச்ச அளவுகோல்: அந்த ஆள் தன்ர விருப்பத்தோட, இயக்கம் போர்க்குற்றம் செய்யிறதுக்கு குறிப்பிடத்தக்க அளவில உதவினவரா, தான் செய்யிறது அதுக்குத்தான் உதவும் எண்டு தெரிஞ்சுகொண்டு செய்தவரா. விருப்பம், உதவியின்ர அளவு, தெரிஞ்சிருந்தது, இந்த மூண்டும் வேணும். இதைப் பாக்கிறதுக்கு நீதிபதிகள் சில விசயங்களையும் சொல்லியிருக்கினம்: ஆள் எப்பிடிச் சேர்ந்தார், எவ்வளவு காலம் இருந்தார், விலகிப் போக வழி இருந்துதா, என்ன பதவி, என்ன செல்வாக்கு, அவர் இருந்த பிரிவு என்ன செய்தது, அங்க நடந்த குற்றங்கள் பற்றி என்ன தெரியும், தன்ர கையால என்ன செய்தார். தம்பியின்ர புது ஸ்டேட்மென்ட் இந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லுற ஸ்டேட்மென்டா இருக்க வேணும்.

இதைச் சொல்லேக்க மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். அந்தத் தீர்ப்பில ஜேஎஸ்க்கு உடன அகதி அந்தஸ்து குடுக்கேல்லை, சரியான கேள்வியை வச்சு திரும்ப முடிவெடுங்கோ எண்டுதான் அனுப்பினவை. அதோட, குற்றம் நடந்த இடத்தில நிண்டாத்தான் குற்றவாளி எண்டும் இல்லை, தூர இருந்து உதவினவரும் மாட்டலாம் எண்டும் அதே தீர்ப்பில இருக்கு. "டிரைவர்தானே, ஒருத்தரையும் சுடேல்லைத்தானே" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருக்க ஏலாது.

நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஹோம் ஒபிஸின்ரது. 2012ல அல்-சிர்ரி வழக்கில உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிச்சுது: "வலுவான காரணம்" எண்டா சும்மா சந்தேகம் காணாது, நம்பக்கூடிய பலமான ஆதாரம் வேணும், அந்த ஆள் செய்யேல்லை எண்டுற பக்கம்தான் கூடுதல் சாத்தியம் எண்டு நீதிபதிக்குப் பட்டா விலக்குறது கஷ்டம். கிரிமினல் வழக்குப் போல ஐயத்துக்கு இடமில்லாம நிரூபிக்கத் தேவையில்லை எண்டுறதும் உண்மை. ரெண்டுக்கும் இடையில ஒரு இடம்.

பிக்கப்பின்ர பின்பக்கம்

நீங்கள் அனுப்பின இன்டர்வியூ பிரதியில நான் நிண்டு வாசிச்ச இடம் ஒண்டு இருக்கு. பின்னால என்ன ஏத்திக்கொண்டு போனீர் எண்டு அதிகாரி கேக்கிறார். சாப்பாட்டுப் பார்சல், டீசல் கேன், காயப்பட்ட ஆக்கள், சிலநேரம் தறப்பாள் போட்டுக் கட்டின பெட்டியள் எண்டு தம்பி சொல்லுறார். பெட்டிக்குள்ள என்ன எண்டு கேட்டதுக்கு "தெரியாது" எண்டு ஒரு சொல். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போயிட்டார். முடிவுக் கடிதத்தில அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுத்தான், ரெண்டு வருசம் ஓடின ஆளுக்கு தெரியாம இருந்திருக்க ஏலாது, நம்பிக்கையான ஆள் எண்டபடியாத்தான் அந்த வேலை குடுத்தவை எண்டு எழுதியிருக்கினம்.

தம்பியை ஆறுதலா இருத்தி அந்த இடத்தைக் கதைக்கப் பண்ணுங்கோ. நீங்கள் இல்லை, சொலிசிட்டர் செய்யவேணும், நல்ல மொழிபெயர்ப்பாளரோட. தெரியாதா, இல்லாட்டி கேக்கப் பயமா இருந்துதா? கேட்டவைக்கு என்ன நடந்தது எண்டு கண்டவரா? ஆர் ஏத்தினது, ஆர் இறக்கினது, தறப்பாளை அவிழ்க்கேக்க அவரை எங்க நிக்கச் சொன்னவை? எந்த ஊரில இருந்து எந்த ஊருக்கு ஓடினவர்? ஆயுதம் ஏத்தினது எண்டே வச்சாலும், சண்டை முனைக்கு ஆயுதம் கொண்டுபோறது தன்னளவில போர்க்குற்றம் இல்லை, யுத்தத்தில ரெண்டு பக்கமும் செய்யிற வேலை அது. பொதுமக்களைக் கொல்லுறது, பிடிபட்டவையைக் கொல்லுறது, சித்திரவதை, பிள்ளையளைப் படையில சேர்க்கிறது, இதெல்லாம்தான் போர்க்குற்றம். தம்பி ஓடின வாகனத்துக்கும் அப்பிடியான ஒரு செயலுக்கும் ஹோம் ஒபிஸ் தொடுப்புக் காட்டவேணும். "புலனாய்வுத்துறை" எண்ட பேரை மட்டும் காட்டினா அது தொடுப்பு இல்லை.

வயசும் முக்கியம். பிடிச்ச நேரம் 17. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின்ர ரோம் சட்டம் 18 வயசுக்கு உட்பட்டவையின்ர செயலை அந்த நீதிமன்றத்தின்ர அதிகாரத்துக்கு வெளியிலயே வச்சிருக்கு. ஆனா தம்பிக்கு 2008ல 18 ஆயிட்டுது, அதுக்குப் பிறகும் ஒரு வருசத்துக்கு மேல இருந்திருக்கிறார், ஹோம் ஒபிஸ் அதைத்தான் பிடிக்கும். அங்கதான் "விலகிப் போக வழி இருந்துதா" எண்ட கேள்வி வருது. 2008, 2009ல வன்னியில விட்டுட்டு ஓடினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கும் எனக்கும் தெரியும், ஆனா லண்டனில இருக்கிற நீதிபதிக்கு ஆதாரத்தோட காட்டவேணும். ஆதாரம் இருக்கு. ஐநா செயலாளர் நாயகம் நியமிச்ச நிபுணர் குழு 2011ல குடுத்த அறிக்கையை ஹோம் ஒபிஸ் புலிகளுக்கு எதிரா காட்டலாம், ஏனெண்டா பலவந்தமா ஆள் சேர்த்தது, சின்னப் பிள்ளையளைப் பிடிச்சது, தப்பி ஓடின சனத்தைச் சுட்டது எல்லாம் அதில இருக்கு. அந்த வரியள்தான் உங்கட தம்பிக்கும் சாட்சி. அவரைப் பிடிச்சதும் அவரால ஓட ஏலாமப் போனதும் அதே குற்றத்தின்ர பகுதி. உங்கட பரிஸ்டர் இதைத் தூக்கிப் பிடிக்கவேணும்.

இதோட சேர்த்து ஒரு விசயம் சொல்லுறன், சிலருக்குப் பிடிக்காது. ட்ரிபியூனலில நிண்டு இயக்கம் ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு வாதாடப் போகாதேங்கோ. 1990 ஆகஸ்டில காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டிருந்த சனம், 1996 ஜனவரியில கொழும்பு மத்திய வங்கிக் குண்டில செத்த சனம், இதெல்லாம் நடந்தது. அரசாங்கப் படையள் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாப்பு வலயத்துக்கும் ஷெல் அடிச்சதும் நடந்தது, அதையும் அதே ஐநா அறிக்கை சொல்லுது. ஆனா உங்கட தம்பியின்ர அப்பீலில ஆற்ற பக்கம் நியாயம் எண்டுறது கேள்வி இல்லை. அவர் என்ன செய்தார் எண்டுறதுதான் கேள்வி. இயக்கத்தைக் காப்பாத்தப் போய் தம்பியைத் தோக்கக் குடுக்காதேங்கோ.

தீவிரவாதிகளுக்குத்தான் மனித உரிமையா?

இப்ப அந்தக் கடைசி வரிக்கு வாறன். ஒரு நாடு ஆபத்தான ஆக்களை வெளியில வைக்க நினைக்கிறது பிழை இல்லை. 1951ல அகதி ஒப்பந்தம் எழுதினவை இரண்டாம் உலக யுத்தம் முடிஞ்சு கொஞ்சக் காலத்தில எழுதினவை, நாசிக் குற்றவாளியள் அகதி எண்ட பேரில ஒளிச்சுப்போடக்கூடாது எண்டுதான் 1எஃப் பிரிவை வச்சவை. நான் அந்தப் பிரிவை எடுக்கவேணும் எண்டு ஒருநாளும் சொல்லமாட்டன். உங்கட தம்பியின்ர முதுகில சூடு போட்ட ஆள் நாளைக்கு அரசாங்கம் மாறி தனக்குப் பயம் எண்டு ஹீத்ரோவில வந்து இறங்கி அகதி அந்தஸ்து கேட்டா, அவரை விலக்கப்போறதும் இதே 1எஃப்தான்.

நாட்டுக்கு வெளியில நிக்கிறவரை உள்ள விடாம இருக்கிறதில அரசாங்கத்துக்கு இன்னும் கூட இடம் இருக்கு. 2010ல ஜாகிர் நாயக் எண்ட பிரசங்கியை உள்துறை அமைச்சர் தெரேசா மே வரவிடேல்லை, அவர் வழக்குப் போட்டும் மேல் நீதிமன்றம் அமைச்சரின்ர பக்கம்தான் நிண்டது. அதுக்கு முதல் வருசம் நெதர்லாந்து அரசியல்வாதி கீர்ட் வில்டர்ஸை விமான நிலையத்தில திருப்பி அனுப்பினவை, ஆனா ட்ரிபியூனல் அதைப் பிழை எண்டு சொல்லி சில மாசத்தில அவர் வந்திட்டார். ஆக வாசல்ல நிப்பாட்டுற முடிவைக்கூட நீதிபதி பாக்கலாம்.

உள்ள வந்தவர், அதுவும் திரும்பிப் போனா சித்திரவதை எண்டு சொல்லுறவர், வேற நிலைமை. இங்கதான் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின்ர 3ம் பிரிவு வருது, சித்திரவதைக்கு ஆளாக்கக்கூடாது எண்டுற பிரிவு. இதில கட்டிப்போட்ட மாதிரி ஒரு விதி 1996ல வந்தது, சஹால் வழக்கில. பஞ்சாப் பிரிவினை ஆதரவாளர் எண்டு சொல்லப்பட்ட ஒரு சீக்கியர், நாட்டின்ர பாதுகாப்புக்கு ஆபத்து எண்டு பிரித்தானியா 6 வருசத்துக்கு மேல உள்ள வச்சிருந்து இந்தியாவுக்கு அனுப்பப் பாத்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 12க்கு 7 எண்ட கணக்கில சொன்னது: ஆள் எவ்வளவு ஆபத்தானவரா இருந்தாலும் சரி, சித்திரவதை நடக்கும் எண்ட உண்மையான அபாயம் இருந்தா அனுப்பக்கூடாது, இதில பாதுகாப்பையும் உரிமையையும் தராசில வைக்க இடமே இல்லை. 2008ல இத்தாலிக்கு எதிரா சாதி எண்ட பேருடைய ஒருவர் போட்ட வழக்கில பிரித்தானியா தானே போய் இந்த விதியைத் தளர்த்துங்கோ எண்டு கேட்டது, நீதிமன்றம் மாட்டன் எண்டிட்டுது.

நீங்கள் மனசில வச்சு எழுதினது அபு கத்தாடா மாதிரி ஆக்களை எண்டு நினைக்கிறன், தீவிரவாதப் பிரசங்கி எண்டு பேப்பரில வருசக்கணக்கா வந்த பேர். அவரின்ர கதை முழுக்கத் தெரிஞ்சா உங்கட கருத்து மாறும். ஜோர்தானில சித்திரவதை செய்து எடுத்த வாக்குமூலத்தை வச்சு அவரை விசாரிக்கப் போகினம் எண்டபடியா 2012ல ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அனுப்ப விடேல்லை. பிரித்தானியா என்ன செய்தது? ஜோர்தானோட ஒப்பந்தம் போட்டு, அப்பிடியான வாக்குமூலத்துக்கு தடுப்புப் போட்டு, 2013 ஜூலையில ஆளை அனுப்பியே விட்டுட்டுது. 2014ல ஜோர்தான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நாடும் தான் நினைச்சதைச் செய்தது, விதியும் உடையேல்லை, நேரம்தான் எடுத்தது.

சகோதரி, இந்த விதி தளர்ந்தா முதல்ல அடிபடப்போறது ஆரெண்டு யோசிச்சுப் பாருங்கோ. அபு கத்தாடாவுக்காக அமைச்சர் கேக்கிற விதிவிலக்கு, அடுத்த நாள் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின்ர புலனாய்வுத்துறை வாகனம் ஓடினவருக்குப் பாயும். அவரின்ர பைலில எழுதியிருக்கிறதும் அதே மாதிரி வார்த்தையள்தான். ஆகவே "அவங்களைத் தூக்கி எறியுங்கோ, என்ர தம்பியை விடுங்கோ" எண்டு சாட்சிக்கூண்டில நிண்டு சொல்லாதேங்கோ, ஆளை வச்சுப் பாருங்கோ, முத்திரையை வச்சுப் பாக்காதேங்கோ எண்டு கேளுங்கோ. அதுதான் சட்டமும்.

அதுக்காக நீதிமன்றம் எப்பவும் எங்கட பக்கம் எண்டும் நினைக்கவேண்டாம். ஷமீமா பேகம் 15 வயசில சிரியாவுக்குப் போன பிள்ளை, 2019ல குடியுரிமையைப் பறிச்சவை. அவவைக் கடத்தல்காரர் ஏமாத்திக் கொண்டுபோயிருக்கலாம் எண்ட நம்பத்தகுந்த சந்தேகம் இருக்கு எண்டு 2023ல இந்த மாதிரி அப்பீல்களைக் கேக்கிற விசேட குடிவரவு ஆணையமே ஒத்துக்கொண்டு, அப்பிடியிருந்தும் அமைச்சரின்ர முடிவு செல்லும் எண்டு சொன்னது, 2024ல மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை மாத்தேல்லை. எனக்கு அந்த முடிவு இண்டைக்கும் உறுத்தலாத்தான் இருக்கு. உங்கட தம்பியின்ர வழக்கு வேற வகை, இதில அமைச்சரின்ர மதிப்பீட்டுக்கு நீதிபதி தலையாட்டத் தேவையில்லை, ஆதாரத்தை தானே பாத்து தானே முடிவெடுப்பார். அதோட ரகசிய ஆதாரம், தம்பிக்கே காட்டாத பைல், விசேட வழக்கறிஞர் எண்ட அந்த ஏற்பாடெல்லாம் தேசிய பாதுகாப்பு எண்டு அமைச்சர் சான்றிதழ் குடுத்த வழக்குகளுக்குத்தான். உங்கட கடிதத்தில அப்பிடி ஒண்டும் இல்லை. ஹோம் ஒபிஸிட்ட இருக்கிறது தம்பி தன்ர வாயால சொன்னது மட்டும்தான்.

1எஃப்ல தோத்தா என்ன நடக்கும்

இதில ரெண்டு சண்டை இருக்கு எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. 1எஃப்ல தோத்தாலும் 3ம் பிரிவில வெல்லலாம். அப்பிடி வந்தா இலங்கைக்கு அனுப்ப ஏலாது, ஆனா அகதி அந்தஸ்தும் கிடையாது. கட்டுப்பாட்டோட விசா குடுப்பினம், வழமையா ஒரு தரத்துக்கு 6 மாசத்துக்கு மேல இல்லை, எங்க இருக்கிறது, என்ன வேலை செய்யிறது, எப்ப போய் சைன் பண்ணுறது எண்டு நிபந்தனையள் வரும், நிரந்தர வதிவிடம் எட்டாத தூரம். ஆள் பாதுகாப்பா இருப்பார், வாழ்க்கை தொங்கிக்கொண்டே இருக்கும். அதனாலதான் "அனுப்ப ஏலாதுதானே, காணும்" எண்டு 1எஃப் வாதத்தை விட்டுடாதேங்கோ எண்டு சொல்லுறன். இப்ப சவால் விடாட்டி அந்த முடிவு அவரின்ர பேரில காலம் முழுக்க இருக்கும்.

3ம் பிரிவுக்கு தம்பியின்ர முதுகுதான் ஆதாரம். மருத்துவ அறிக்கை கட்டாயம் எடுங்கோ. ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் மாதிரி அமைப்புகளின்ர டாக்டர்மார் இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதைக் காயங்களைப் பதியிற சர்வதேச முறை) ஒவ்வொரு தழும்பையும் பாத்து எழுதுவினம், காத்திருப்பு நீளம், அதால சொலிசிட்டர் இப்பவே கேக்கவேணும். தழும்பை தானே ஆரையும் பிடிச்சுப் போட்டது எண்டு ஹோம் ஒபிஸ் சொன்ன வழக்கும் இருக்கு. கேவி எண்ட தமிழர், இயக்கத்துக்கு தங்கம் உருக்கிக் குடுத்தவர், கையிலும் முதுகிலும் சூடு. 2019ல உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பா முடிவு குடுத்து, காயம் எப்பிடி வந்திருக்கும் எண்டு டாக்டர் சொல்லுற கருத்தை ஒதுக்கக்கூடாது, வேணுமெண்டு ஆரையும் பிடிச்சு தனக்குச் சூடு வைப்பிக்கிற ஆள் அரிது எண்டதையும் மறக்கக்கூடாது எண்டு சொல்லி திரும்ப விசாரிக்க அனுப்பினது. நித்திரை இல்லாம எழும்பிக் கத்துறார் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதையும் ஜிபியிட்ட (குடும்ப டாக்டர்) சொல்லிப் பதிய வையுங்கோ. வழக்குக்காக மட்டும் சொல்லேல்லை, அவருக்கு வைத்தியம் வேணும்.

"இப்ப ஒருத்தரும் தேடேல்லை" எண்ட வாதத்துக்கு, இலங்கைக்குத் திரும்பிப் போற தமிழருக்கு உள்ள ஆபத்தைப் பற்றி மேல் ட்ரிபியூனல் 2013ல குடுத்த ஜிஜே தீர்ப்பும் 2021ல குடுத்த கேகே, ஆர்எஸ் தீர்ப்பும்தான் வழிகாட்டி. பழைய புலி எண்டதுக்காக எல்லாரையும் பிடிக்கமாட்டினம், ஆனா இண்டைக்கு பிரிவினைக்காக வேலை செய்யிற ஆள் எண்டு அரசாங்கம் நினைக்கிறவருக்கு ஆபத்து எண்டுறதுதான் அதின்ர சாரம். புனர்வாழ்வுக்குப் பிறகும் கூப்பிட்டு விசாரிச்சது, கடத்தினது, இஞ்ச அவர் கலந்துகொண்ட நிகழ்வுகள் எல்லாம் இதில எண்ணப்படும். அம்மா இப்பவும் ஊரில எண்டா, சிஐடி வீட்டை வந்து கேட்ட திகதி, வந்தவை என்ன கேட்டவை எண்டு அவவிட்டயும் விபரம் எடுங்கோ.

பொய்க் கடிதம், பேஸ்புக், உங்கட சிட்டிசன்ஷிப்

சொந்தக்காரர் சொன்ன புது ஸ்டேட்மென்ட் வேண்டவே வேண்டாம். இயக்கத்தில இருக்கேல்லை எண்டு மாத்தினா 1எஃப் போகும் எண்டு அவர் நினைக்கிறார், ஆனா அதோட சித்திரவதைக்கான காரணமும் போயிடும். இயக்கத்தில இல்லாத ஆளை ஏன் பிடிச்சு சூடு போட்டவை எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள்? நம்பகத்தன்மை உடைஞ்ச பிறகு முதுகுத் தழும்பையும் நம்பமாட்டினம். நீங்களும் அப்பிடி ஒரு கடிதம் எழுதாதேங்கோ, ட்ரிபியூனலுக்குப் பொய் குடுக்கிறது குற்றம், உங்களையும் கூண்டில ஏத்திக் கேள்வி கேப்பினம். உண்மையா உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கோ: எந்தப் பின்னேரம் வந்தவை, அம்மா பிக்கப்புக்குப் பின்னால ஓடினது, பிறகு தம்பியின்ர செய்தி எப்ப வந்தது. கடிதத்தில நீங்கள் எனக்கு எழுதின அந்தப் பந்தியை அப்பிடியே சாட்சியமாக் குடுக்கலாம்.

பேஸ்புக் படங்களை அழிக்காதேங்கோ, ஹோம் ஒபிஸ் ஏற்கனவே பாத்திருந்தா அழிச்சது ஒளிச்சது மாதிரித் தெரியும், அதோட அந்தப் படங்கள் இலங்கையில ஆபத்து எண்டதுக்கு உதவவும் கூடும். எல்லாத்தையும் சொலிசிட்டரிட்ட காட்டி அவர் சொல்லுறபடி செய்யுங்கோ. மாவீரர் நாளுக்குப் போய் விளக்கு வைக்கிறது குற்றம் இல்லை. புலிச்சின்னக் கொடியை பொது இடத்தில பிடிக்கிறது, இயக்கத்துக்கு ஆதரவு திரட்டுறது மாதிரியான விசயங்கள் பயங்கரவாதச் சட்டத்தில மாட்டக்கூடியது, அப்பீல் நடக்கிற காலத்தில தம்பி அந்தப் பக்கமே நிக்கவேண்டாம். வேற நாட்டுக்குப் போய் புதுசாக் கேஸ் போடலாம் எண்டு ஆரும் சொன்னா அதையும் கேக்காதேங்கோ, அகதி ஒப்பந்தத்தில சேர்ந்த எல்லா நாட்டிலயும் 1எஃப் இருக்கு, கைரேகையை வச்சு முந்தின கேஸைக் கண்டுபிடிக்கவும் கூடும்.

உங்கட சிட்டிசன்ஷிப்பைப் பற்றிப் பயப்பிடவேண்டாம். குடியுரிமையை அவரவர் செய்ததுக்காகத்தான் பறிக்கலாம், தம்பியின்ர கேஸுக்காக உங்களிட்ட வர ஏலாது. உங்கட சொந்த விண்ணப்பத்தில அந்தக்காலம் ஏதும் மாத்திச் சொல்லியிருந்தா மட்டும், சாட்சி குடுக்க முதல் உங்களுக்கெண்டு தனியா ஒரு சொலிசிட்டரிட்ட கதையுங்கோ, தம்பியின்ர சொலிசிட்டரிட்ட இல்லை.

"நான் உண்மையைச் சொன்னது பிழையோ அக்கா" எண்டு தம்பி ஒவ்வொரு நாளும் கேக்கிறார் எண்டு எழுதியிருந்தீங்கள். பிழை இல்லை எண்டு சொல்லுங்கோ. அவரின்ர கேஸில ஹோம் ஒபிஸ் சந்தேகப்படாத பகுதி அதுதான், அவர் சொன்னதை நம்பித்தான் அவரை விலக்கியிருக்கினம், அப்ப அதே இன்டர்வியூவில சூடு போட்டது பற்றிச் சொன்னதையும் நம்பவேணும் எண்டு பரிஸ்டர் கேக்கலாம். முடிவுக் கடிதம், அது வந்த கவர், இன்டர்வியூ பிரதி, புனர்வாழ்வில இருந்து விட்ட கடிதம், ஜிபி பதிவு, எல்லாத்தையும் ஒரு பைலில போட்டு இந்தக் கிழமைக்குள்ள சொலிசிட்டரைப் பாருங்கோ. கவரில தபால் திகதி இருந்தா அதைக் கவனமா வச்சிருங்கோ, 14 நாள் கணக்கில ஒரு நாள் சண்டை வந்தா அதுதான் கைகுடுக்கும்.